மேலே போகிற கோடு

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, ஸலாம். நீங்கள், மாமி, உங்கள் மூட்டுவலி, மூவரும் நலம்தானே? இங்கே நானும் என் கணினியும் நலம். கணினி கொஞ்சம் கூடுதல் நலம். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். மார்க்கத்துக்கு ஒத்த பங்குகளில் எதை வாங்கலாம் என்று நான் வந்து சொல்வேன் என நண்பர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். லிஃப்ட் மெக்கானிக்கும் தையல்கடைக்காரரும் சேமிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்களாம். மாமா, நான் இதுவரை ஒரு பங்குகூட வாங்கியதில்லை. இஸ்லாமியப் பங்கு முதலீட்டைப் பற்றி எந்த ஆண்டில் யார் கட்டுரை எழுதினார்கள், யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுவதுதான் என் ஆராய்ச்சி. கல்யாண வாசலில் நின்று தலை எண்ணுகிறவனிடம் வந்து, சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்கிறீர்கள்.

வினை நீங்கள் என் அறைக்கு வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் மேலே ஏறுகிற கோட்டைப் பார்த்து, "மாப்ளே, இது எந்தக் கம்பெனி? இப்படி ஏறுது!" என்றீர்கள். கம்பெனி இல்லை, வருஷா வருஷம் வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கை என்றேன். "எதுவோ ஒண்ணு ஏறுதுல்ல?" என்று கைபேசியில் படம் பிடித்தீர்கள். பக்கத்தில் வண்ண வட்டங்கள். கட்டுரைகளில் அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பெரிய வட்டம். 'கொரோனா' பெரிதாக இருக்கவே, மருந்துக் கம்பெனிதான் வாங்கணும் என்று தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். மறுநாள், நீங்கள் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டுத் தையல்கடைக்காரர் போன் போட்டு, "தம்பி, பச்சை வட்டம் வாங்கவா, மஞ்சள் வட்டம் வாங்கவா?" என்கிறார். மது விற்கிற கம்பெனி, வட்டிக் கடனில் முங்கிய கம்பெனி இதையெல்லாம் எப்படிக் கழிப்பது என்று ஒரு கூட்டம் எழுதுது, கழிச்சா லாபம் குறையும்னு ஒரு கூட்டம், குறையாதுன்னு இன்னொரு கூட்டம், கடைசி வரியில எல்லாரும் மேலும் ஆய்வு தேவைன்னு முடிச்சிடுறாங்க என்று தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மஞ்சள்தானே?" என்றார். அப்புறம் மெல்ல, "உங்க காசை எதுல போட்டிருக்கீங்க தம்பி?" வட்டி வருகிற சாதாரண வங்கிக் கணக்கில் என்று சொல்ல வாய் வரவில்லை. சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

லிஃப்ட் மெக்கானிக் காலமெல்லாம் அடுத்தவரை மேலே ஏற்றிவிட்டுச் சேர்த்த பணம் அது. என் கோட்டை நம்பி அது கீழே இறங்கினால் அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பது? கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள்.

மாமிக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு அன்பு. உங்கள் முழங்காலுக்குத் தனியாக துஆ செய்கிறேன்.

இப்படிக்கு,
எதையும் வாங்காத மருமகன்

பி.கு.: பேராசிரியர் இப்போதுதான் என் அத்தியாயத்தைத் திருப்பி எறிந்தார். "இத்தனை கட்டுரையில பணம் போடுற மனுஷன் ஒருத்தனையாவது யாராவது கேட்டாங்களா? நீ போய்க் கேளு. இல்லேன்னா பட்டம் அடுத்த வருஷம்தான்" என்கிறார். ஆகவே வெள்ளிக்கிழமை வருகிறேன். ஒருத்தரையும் விட்டுவிடாதீர்கள், இன்னும் நாலு பேர் கிடைத்தாலும் பிடித்து உட்கார வையுங்கள். என் முதல் கேள்வி: 'யார் பேச்சைக் கேட்டுப் பணம் போடுகிறீர்கள்?' என் பெயர் வந்தால் மொத்த ஆய்வும் செல்லாது. உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.