ராஜப்பன் விழுங்கிய ஏழாம் நம்பர் எலும்பு

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பத்து ஆட்டு எலும்பை ஒரு நாய்க்குப் போடணும். கடிச்சு முடிச்சதும் பத்தையும் திரும்ப வாங்கணும். அவ்வளவுதான்.

நான் தொல்லியல்ல ஆராய்ச்சி மாணவி. தோண்டி எடுக்கற பழைய எலும்புல குழி, கீறல் எல்லாம் இருக்கும். அது மனுஷன் கத்தி போட்டதா, நாயோ நரியோ கடிச்சதான்னு சொல்லத் தெரியணும். அதுக்காகப் புது எலும்பை நாய்கிட்ட குடுத்து, அது என்ன பண்றதுன்னு பக்கத்துல உட்கார்ந்து பார்த்து எழுதணும்.

"திங்கட்கிழமை காலையில பத்தும் என் மேஜைக்கு வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த மாசம் அகழாய்வுக்கு வேற ஆளைக் கூட்டிட்டுப் போவேன், கேட்டோ?"ன்னு என் மலையாளி கைடு சொல்லிட்டார். ரெண்டு வருஷமா நான் காத்துக்கிட்டு இருக்கற அகழாய்வு அது!

சின்னதா ஒரு பிரச்சினை. எங்க வீடு கோட்டைப் பக்கம் அக்ரஹாரத் தெருவுல. எங்க வீட்டுல எலும்புங்கற பேச்சு வர்றது அப்பாவோட மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்த்துட்டு வர்ற அன்னிக்கு மட்டும்தான்.

சாலைக் கடைத்தெரு தாண்டி ஒரு இறைச்சிக் கடை. துப்பட்டாவால பாதி முகத்தை மூடிண்டு போய் நின்னேன்.

"பத்து எலும்பு கிடைக்குமா?"

"சூப்பு வைக்கானா?"

"இல்ல, நாய்க்கு. ஆனா அது தின்னப்புறம் எனக்குத் திரும்ப வேணும்."

கடைக்காரர் கத்தியைக் கீழ வச்சுட்டார்.

"சதையெல்லாம் வழிச்சு சுத்தமா குடுங்கோ"ன்னு வேற கேட்டேன். என் புத்திசாலித்தனம்! அவரும் வழிச்சுக் குடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கொல்லைப்பக்கத்துல எல்லை போட்டுட்டா. "துணிக்கொடிக்கு இந்தப் பக்கம் எலும்பும் வரப்படாது, நாயும் வரப்படாது. தலைக்குக் குளிக்காம நீயும் வரப்படாது!"

சரின்னு அந்தப் பக்கமே உட்கார்ந்து பத்தையும் பாத்திரம் தேய்க்கற சோப்பு போட்டுப் பளபளன்னு தேய்ச்சேன். துடைச்சேன். ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் நம்பர் எழுதினேன். ஆட்டோ ஸ்டாண்ட் நாய் ராஜப்பனை பிஸ்கட் காட்டி அழைச்சுண்டு வந்தேன். பேர் நான் வச்சதில்லை, டிரைவர்கள் வச்சது.

ராஜப்பன் மோந்து பார்த்தான். ஒரு தும்மல் போட்டான். பிஸ்கட் இருந்த கையையே பார்த்துண்டு உட்கார்ந்துட்டான். எலும்புல எலுமிச்சம்பழ வாசனை கமகமன்னு அடிச்சது!

திரும்பவும் கடைக்கு ஓடினேன். கதையைக் கேட்டுட்டுக் கடைக்காரர் நெத்தியில கை வச்சுண்டார்.

"மோளே, இது நாய்க்குத்தானே? பின்னே எந்தினா சோப்பு?"

"எங்க வீட்டுல எல்லாத்தையும் கழுவித்தான் சாப்பிடக் குடுப்போம்."

பக்கத்துல நின்ன நாலு பேரும் சிரிச்சாங்க. எனக்கே வெக்கமா இருந்தது. இந்தத் தடவை சதையோட பத்து எலும்பு குடுத்தார். "இதையும் குளிப்பிக்க வேண்டா"ன்னு சொல்லித்தான் அனுப்பினார்.

சதை இல்லாத இடமா பார்த்துத் திரும்ப நம்பர் எழுதினேன். ராஜப்பன் வேலையை ஆரம்பிச்சான். என்ன அழகு தெரியுமா! மூட்டு இருக்கற நுனியா பார்த்து முதல்ல கடிச்சுத் தின்னான். நடுத்தண்டு குழாய் மாதிரி மிஞ்சித்து. பல்லு பட்ட இடமெல்லாம் குட்டிக் குட்டிக் குழி. புஸ்தகத்துல போட்டிருந்த மாதிரியே! ஒவ்வொண்ணா பிஸ்கட் குடுத்துத் திரும்ப வாங்கி, நான் பக்கம் பக்கமா எழுதினேன்.

ஏழாம் நம்பர், கணுக்கால்ல இருக்கற சின்ன எலும்பு. நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். அதைக் கவ்வினான், தலையைத் தூக்கினான், "களக்"னு ஒரு சத்தம்.

"ராஜப்பா, துப்பு!"

வாலை ஆட்டினான்.

கைடுக்கு போன் பண்ணினேன். "சார், ஒன்பது இருக்கு. ஏழாம் நம்பர் மட்டும் இல்லை."

"ஏழு எவிடே?"

"உள்ளே இருக்கு சார்."

"எதுக்குள்ளே?"

"ராஜப்பனுக்குள்ளே."

அப்புறம் நிதானமா சொன்னார். "நாளைக்கு ஞாயிறுதானே? வெளியே வரும். வெயிட் செய்."

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கெல்லாம் ஒரு கையில பிளாஸ்டிக் கவர், ஒரு கையில தொட்டிக்கு மண் அள்ளற கரண்டியோட ராஜப்பன் பின்னாடி கிளம்பிட்டேன். அவன் நடந்தா நடந்தேன். உட்கார்ந்தா நின்னுண்டிருந்த ஸ்கூட்டருக்குப் பின்னாடி ஒளிஞ்சேன். உத்துப் பார்த்தா அவனுக்கும் கூச்சமா இருக்குமே!

ஆரியசாலை வரைக்கும் போயிட்டுத் திரும்பி எங்க தெருவுக்கே வந்து, ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி மாமா வீட்டு வாசல்லதான் வெளிக்குப் போனான். ஓடிப் போய் அள்ளிட்டேன். கரண்டியால கிளறிப் பார்த்தேன். ஏழு இல்லை.

நிமிர்ந்தா மாமா.

"விஜி! தெரு நாய் போனதைக்கூட நீயே எடுக்கறியா?"

எலும்பு தேடறேன்னு அந்த வாசல்ல நின்னு எப்படிச் சொல்றது? "ஆமா மாமா"ன்னு சொல்லித் தொலைச்சேன்.

அடுத்த அஞ்சு நிமிஷத்துல அசோசியேஷன் வாட்ஸாப் குரூப்ல என் போட்டோ. கையில கவரோட. "இவளைப் பார்த்து எல்லாரும் கத்துக்கணும்." கீழே முப்பது கைதட்டல்.

அப்புறம் போன் வர ஆரம்பிச்சது. மூணாவது வீட்டு மாமி, "எங்காத்து டாமி வாசல் கேட் பக்கத்துல போயிருக்கு. இப்படி வரச்சே பார்த்துக்கோயேன்"னா. மாட்டேன்னு சொன்னா காரணம் சொல்லணும். அதனால டாமியோடதையும் அள்ளினேன். மத்தியானத்துக்குள்ள தெருவே கண்ணாடி மாதிரி ஆயிடுத்து. ஏழாம் நம்பரைத்தான் காணோம். அகழாய்வு கையை விட்டுப் போயிடுத்துன்னு எனக்கு அழுகையே வந்துடுத்து.

சாயங்காலம் நாலரை மணிக்கு, ஆட்டோ ஸ்டாண்டு பின்னாடி, ராஜப்பன் மனசு வச்சான்.

கிளறினேன். கரண்டியில "டிக்"னு தட்டித்து. நம்பர் அழிஞ்சு போய், உருண்டை சிறுத்து, மேலெல்லாம் ஓட்டை ஓட்டையா... ஆனா அதுதான்! "கிடைச்சுடுத்து!"ன்னு கத்தினேன். டிரைவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துட்டு, அவா அவா ஆட்டோவுல போய் உட்கார்ந்துண்டாங்க.

திங்கட்கிழமை கைடு லென்ஸை வச்சுண்டு பார்த்தார். ஒன்பதையும் ஒரு நிமிஷத்துல ஒதுக்கினார். "இது எல்லாரும் செஞ்சதுதான்." ஏழாம் நம்பரை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்து போச்சு.

"வயித்து ஆசிட்ல அரிச்சது! மண்ணுக்குள்ளேர்ந்து இப்படி ஒண்ணு வந்தா நாம தண்ணியில கரைஞ்சதுன்னு எழுதிடுவோம். விஜி, உன் தீசிஸே இதுதான். அகழாய்வுக்கு நீ வர்றே. அங்கேயும் நாய் உண்டு. அடுத்த மூணு வருஷம் இதே மாதிரி ஒரு இருநூறு சாம்பிள் சேர்த்துடு."

அகழாய்வு கிடைச்சுடுத்து. துள்ளிக் குதிச்சுண்டு வீட்டுக்கு வந்து, மூணு வருஷத்துக்கு என்ன வேலைன்னு அம்மாகிட்ட விவரமா சொன்னேன்.

அன்னிலேர்ந்து யார் கேட்டாலும், பொண்ணு பேங்க் பரீட்சைக்குப் படிக்கறான்னுதான் அம்மா சொல்றா.