பீங்கான் ஜன்னலோடு பெண் பார்க்கப் போனேன்

எனக்கு ஒரு விஷயம் பாதி புரிந்தால் போதும், முழு வாயையும் திறந்துவிடுவேன். (இன்னும் திருந்தவில்லை.) அறுபதுகளின் கடைசியில், பீங்கான் ஆய்வுக்கூடம் ஒன்றில் கடைநிலை உதவியாளனாக இருந்தபோது, இந்த வாயால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

கண்ணாடி தாங்காத சூட்டையும் தாங்கும் ஜன்னலைப் பீங்கானில் செய்வதுதான் எங்கள் வேலை. வெளிநாட்டில் அதற்கென்று பெரிய இயந்திரம் வைத்துச் சுடச்சுட அழுத்துவார்களாம். எங்களுக்கு அதற்கெல்லாம் வக்கில்லை. அலுமினா என்கிற வெள்ளைப் பொடியைச் சும்மா அழுத்தி, உலையில் சுட்டு, மலிவாக முடிக்கப் பார்த்தோம். அப்படி வந்த ஒரு வில்லையைச் செய்தித்தாள் மேல் வைத்தேன். எழுத்தெல்லாம் பளிச்! ஜெயித்துவிட்டோம் என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அக்காவோடு காஞ்சிபுரத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

பெண் சரோஜா. அவள் அப்பா பட்டு நெசவாளர்.

"தம்பிக்கு இன்னா வேலை?"

"பீங்கான்ல ஜன்னல் பண்றேங்க. அது வழியா கோபுரத்தையே பார்க்கலாம்!"

"பீங்கான்லயா?" அவர் குழம்பிப்போய் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

வில்லையை நீட்டினேன். புடவையில் குறை தேடுகிற பழக்கத்தில், அவர் அதை வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாபா, மோர் ஊத்தினா மாதிரி இருக்குது? கோபுரமும் காணோம், தெருவும் காணோம்!"

வாங்கிப் பார்த்தேன். வெறும் வெள்ளை! நேற்றுத் தெரிந்த எழுத்து எங்கே தொலைந்தது? துடைத்தேன், திருப்பினேன், ஊதினேன்.

"ஊதித் தொலைக்காதேடா" என்று அக்கா கிள்ளினாள்.

"பொய் பேசுற எடத்துல பொண்ணு குடுக்க மாட்டோம்மா" என்றார் அவர். எனக்கோ, கதவோரம் நின்ற சரோஜாவை அதற்குள் ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

அவளே வந்து வில்லையை வாங்கி, தன் முந்தானைமேல் வைத்தாள்.

"நைனா, இங்க பாரு. ஜரிகை இழை இழையா தெரியுது. தூக்கினாத்தான் மறைஞ்சிடுது." என் பக்கம் திரும்பினாள். "ஏங்க அப்படி?"

"சத்தியமா தெரியலீங்க."

அவள் சிரித்துவிட்டாள். "இது பொய் இல்ல நைனா" என்றாள். அவரும் சிரித்தார்.

(உள்ளே மாட்டிக்கொண்ட நுண்ணிய காற்றுப் பொத்தல்கள் ஒளியைச் சிதறடித்ததால், ஒட்டி இருப்பது மட்டும் தெரிந்த கதை எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.)

இன்றும் நான் எதையாவது விளக்கப் போய், "அப்பா சொல்றது ஒண்ணும் புரியலம்மா" என்று மகள் புலம்பினால் சரோஜா சொல்வாள்:

"அவரு அந்த வில்லை மாதிரிதாண்டி. தூர நின்னா வெறும் வெள்ளை. கிட்ட வந்து குந்து, கொஞ்சம் தெரிவாரு."