தகுதியில்லை என்று நான் எழுதிய காளை

புதிதாகப் பட்டம் வாங்கிய டாக்டரின் கண்ணில் ஆரோக்கியமான எதுவும் பட்டுவிடக் கூடாது. பட்டால் அதற்கு ஏதாவது ஒரு கோளாறு கண்டுபிடிக்காமல் அவர் தூங்கமாட்டார். கால்நடை மருத்துவம் படித்து முடித்து, பதிவு எண் என் கைக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில் எங்கள் தெருவின் மூன்று நாய்களுக்கும் தோல் வியாதி என்று அறிவித்திருந்தேன். எதிர்வீட்டுச் சேவலுக்கு மூச்சு சரியில்லை என்றேன். (அது கூவிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.)

அந்த நேரத்தில்தான் என் சித்தப்பா காளை வாங்கினார்.

சவரிமுத்து சித்தப்பாவுக்குத் திண்டுக்கல்லில் மாட்டுக்கறிக் கடை. இருபது வருடம் கடை நடத்திய பிறகு திடீரென்று அவருக்கு ஓர் எண்ணம்: எந்த மாடு எதைத் தின்று வளர்ந்தது என்றே தெரியாமல் கறி விற்பதா? நாமே வளர்த்தால் என்ன? நத்தம் சாலையில், சிறுமலை அடிவாரத்தில் நிலம் பிடித்துப் பண்ணை போட்டார். பதினோரு பசுக்கள் வந்தன. அவை ஈனும் கன்றுகளை அங்கேயே வளர்த்துக் கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். கன்றுகளுக்கு அப்பா மட்டும்தான் பாக்கி.

அந்த அப்பாவைத் தொப்பம்பட்டிப் பக்கம் செல்லமுத்து என்பவரிடம் பார்த்துவைத்தார். இரண்டு வயதுக் கலப்பினக் காளை. எட்டு நாளைக்குள் டாக்டர் பார்த்துச் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தால் திருப்பி ஓட்டிக்கொள்வதாகப் பேச்சு. டாக்டர் யார் என்பதில் சித்தப்பாவுக்குச் சந்தேகமே இல்லை.

“ஏத்தா செலினு! காளை வந்து எறங்கிருச்சு. அம்புட்டு அழகு! நீ வந்து பாத்து எழுதிக் குடு. சரியா வந்துச்சுன்னா இனிமே பண்ணைக்கு நீதான் டாக்டரு!”

எனக்கு அன்று இரவு தூக்கமில்லை. முதல் வேலை! முதல் கையெழுத்து! பரிசோதனைப் படிவம் ஒன்றை நானே தயாரித்தேன், இரண்டு தாள், முப்பத்தொரு கேள்விகள். அளக்கும் நாடா என்னிடம் இல்லாததால் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். (கேட்கவில்லை. கேட்டால் எதை அளக்க என்று கேட்பாள்.) விடிந்ததும் விடியாததுமாக வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். தை மாதக் குளிரில் பல் கிட்டியது.

காளையைப் பார்த்ததும் கத்தியே விட்டேன். செம்மண் நிறம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கழுத்து ஒரு தென்னைமரத் தூர் அளவு. முந்தின நாள் சாயங்காலம்தான் லாரியிலிருந்து இறங்கியிருந்தது. தென்னைமரத்தில் கட்டப்பட்டு, யாரையும் பார்க்கப் பிடிக்காத விருந்தாளி மாதிரி நின்றது.

மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பெருமாள் அண்ணன். மல்லிகையும் ஆறு கறவை மாடுகளும் வைத்திருக்கிறவர். சித்தப்பா பத்தடி தள்ளியே நின்றார். வாழ்க்கை முழுவதும் மாட்டுக்கறி வெட்டியவருக்கு உயிரோடு நிற்கும் மாடு என்றால் பயம்.

பல்லைப் பார்த்தேன். வயது சரி. கண்ணுக்கு நேரே கையை ஆட்டினேன். அலுப்போடு என்னைப் பார்த்தது. நடக்கவைத்தேன்.

“பின்னங்கால் இழுக்குது” என்றேன்.

“லாரில நாலு மணி நேரம் நின்னு வந்துச்சுல்ல தங்கச்சி, மரத்துப் போயிருக்கும்” என்றார் பெருமாள் அண்ணன்.

“அதெல்லாம் இல்லண்ணே, எலும்புலயே இருக்கும்” என்று எழுதினேன்.

அடுத்தது பதினெட்டாவது கேள்வி. இனவிருத்திக் காளைக்கு விதைப்பையின் சுற்றளவு மிக முக்கியம். கல்லூரியில் நாற்பது பேர் முன்னால் கூச்சமில்லாமல் அளந்திருக்கிறேன். இங்கே சித்தப்பா நிற்கிறாரே! நான் நாடாவை எடுத்ததைப் பார்த்ததும் அவர் சடாரென்று திரும்பி, சிறுமலையை முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி பார்க்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ரோஸ்லின் சித்தி காபியோடு வந்தாள்.

“என்னத்தடி அளக்குற?”

“சுற்றளவு சித்தி.”

“எதோட சுற்றளவு?”

“அக்கா, அது டாக்டர் சமாச்சாரம். நீங்க உள்ள போங்க” என்றார் பெருமாள் அண்ணன்.

சித்தி போகவில்லை. குனிந்து பார்த்தாள். “அட கர்த்தரே!” என்று காபியைச் சிந்தினாள். நான் வெட்கத்தில் கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு, நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி, கிடைத்த எண்ணைப் படித்தேன். இருபத்தெட்டு சென்டிமீட்டர். இந்த வயதுக்கு முப்பதுக்கு மேல் இருக்க வேண்டும்.

குளிரிலும் பயத்திலும் அந்த உறுப்பு மேலே சுருங்கிக்கொள்ளும், இதமாகக் கீழே இறக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் நான் முழு மதிப்பெண் வாங்கியவள்.

கடைசியாக ஆர்வப் பரிசோதனை. பருவத்துக்கு வந்திருந்த பசு ஒன்றைக் கொண்டுவந்து அருகில் விட்டோம். காளை மோந்து பார்த்தது. பெருமூச்சு விட்டது. பிறகு காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. நான் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். அது அசைபோட்டது.

சிவப்புப் பேனாவால் எழுதினேன்: ‘இனவிருத்திக்குத் தகுதியில்லை.’ கீழே இரண்டு கோடு. கையெழுத்து, பதிவு எண். அந்தக் கையெழுத்து எனக்கே அவ்வளவு பிடித்திருந்ததால் இரண்டாம் தாளிலும் ஒன்று போட்டேன். சித்தப்பா மனம் உடைந்துபோனாலும் மகள் முறை டாக்டர் என்ற பெருமையில் அதைப் போட்டோ எடுத்துச் செல்லமுத்துக்கும், அப்படியே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினார்.

செல்லமுத்து உடனே கூப்பிட்டார்.

“ஏனுங்க டாக்டரம்மா, நேத்துத்தானுங்க லாரிய விட்டு எறங்குச்சு. புது எடம், புது தண்ணி. ஒரு வாரம் பொறுத்துப் பாருங்க.”

“பொறுத்தா சுற்றளவு வளந்துருமா?” என்று கேட்டேன். ஸ்பீக்கரில்.

“சரிங்க. ஞாயித்துக்கெழம வந்து ஓட்டிக்கிறனுங்க” என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குடும்பமே பண்ணைக்கு வந்துவிட்டது. சித்தப்பா காளை வந்த சந்தோஷத்தில் எல்லோரையும் பிரியாணிக்கு அழைத்திருந்தார். காளை போகிற துக்கத்திலும் அழைப்பை ரத்து செய்ய அவருக்கு மனம் வரவில்லை. அம்மா வந்தாள், அத்தைமார் வந்தார்கள். நான் பூசைக்குக் கட்டிய இளநீலப் பட்டுப்புடவையில் இருந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. செல்லமுத்து வேனோடு வந்து இறங்கினார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்து, “டாக்டரம்மாங்களா?” என்றார். மரியாதைக்குக் குறைவில்லை. அதுதான் உறுத்தியது.

பெருமாள் அண்ணன் கட்டை அவிழ்த்தார். அத்தைமார் பார்க்கிறார்களே என்று, “குடுங்கண்ணே, நான் பிடிக்கிறேன்” என்று கயிற்றை வாங்கினேன்.

பெருமாள் அண்ணனின் தோட்டத்தில் ஒரு பசு அன்று காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. மூன்று முறை சினை ஊசி போட்டும் கரு நிற்காத பசு. விற்றுவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அது இன்னொரு தடவை கத்தியது.

காளை தலையை நிமிர்த்தியது.

அடுத்து நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. நான் காற்றில் இருந்தேன். பிறகு தரையில் இருந்தேன். இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இருந்த மூங்கில் படல் மடாரென்று சாய்ந்தது. அதன் மேல் காளை போனது, காளைக்குப் பின்னால் நான் போனேன். கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பது மூளைக்கு எட்டுவதற்குள், வெட்டிவிட்ட மல்லிகைச் செடிகளின் குச்சிகள் இரண்டு பாத்தி தூரத்துக்கு என் பட்டுப்புடவையைப் பதம் பார்த்துவிட்டன. அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள்.

சேற்றிலிருந்து முகத்தைத் தூக்கினேன். காளையின் பின்னங்கால்களில் எந்தக் கோளாறும் இல்லை. இருந்திருந்தால் அது அந்த நேரம் செய்துகொண்டிருந்த காரியத்தைச் செய்திருக்க முடியாது.

வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக என் மொத்தக் குடும்பமும் நின்றது. ஓர் அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். சித்தப்பா மெதுவாகக் கேட்டார்:

“ஏத்தா... ஆர்வம் இல்லைன்னு எழுதியிருந்தியே?”

செல்லமுத்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். “எழுதிக்கிறீங்களா டாக்டரம்மா? மணி பன்னெண்டே காலுங்க.”

சித்தப்பாவுக்கு அப்போது வந்த வேகத்தை நான் மறக்கமாட்டேன். “அள! இப்பவே அள!” என்று குதித்தார். பசியாறிய மகான் மாதிரி நின்ற காளையை நிதானமாக அளந்தேன். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு. முப்பத்து மூன்று.

“ஏன்டி!” என்று வேலியோரம் அலறல் கேட்டது. அம்மா. “அது நான் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்குற டேப்புடி!”

விவகாரம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. செல்லமுத்து காளையை வேனுக்கு ஓட்டத் தொடங்கிவிட்டார்.

“ஏங்க, எங்க போறீங்க?” என்று சித்தப்பா மறித்தார்.

“பேச்சு பேச்சுங்க. தகுதி இல்லைன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்க. நான் ஓட்டிக்கிறனுங்க. ஒட்டன்சத்திரத்துல ரெண்டு பேரு கேட்டுட்டு இருக்கறாங்க.”

சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. பதினோரு பசுக்களும் ஒரு வருடக் கனவும் வேனில் ஏறப் போகின்றன. காரணம் நான். சேறு சொட்டச் சொட்ட ஓடிப்போய் வேனுக்கு முன்னால் நின்றேன்.

“அண்ணே, தப்பு காளை மேல இல்ல. என் மேல. அவசரப்பட்டுட்டேன். எனக்காக எங்க சித்தப்பாவ தண்டிக்காதீங்க.”

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். புருவத்திலிருந்து ஒரு சேற்றுக் கட்டி வழுக்கி மூக்கில் விழுந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்படின்னா அதைய எழுதிக் குடுங்க. எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி படிச்சும் காட்டோணும்.”

பழைய தாளின் பின்பக்கத்தில், வேனின் மேல் வைத்து எழுதினேன். ‘தகுதியானது’ என்று போட்டதும் எட்டிப் பார்த்தார். “வெறும் தகுதி பத்தாதுங்க. ‘மிகவும்’னு ஒண்ணு சேத்துக்கங்க.” சேர்த்தேன். பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில் படித்தேன். பெருமாள் அண்ணன் கைதட்டினார். காளை தென்னைமரத்துக்கே திரும்பியது. செல்லமுத்து இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அந்தத் தாளை அவர் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். யாருக்கு மாடு விற்றாலும் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டுகிறாராம். பண்ணைக்கு டாக்டர் நான்தான், இப்போதும். புது மாடு வந்தால் ஒரு வாரம் அந்தப் பக்கமே என்னைச் சித்தப்பா வரவிடுவதில்லை.

ஊசிக்கு நிற்காத பெருமாள் அண்ணனின் பசு அன்று நின்றுவிட்டது. செம்மண் நிறத்தில் கிடாரிக்கன்று. விற்க இருந்த பசுவை அவர் விற்கவில்லை. நன்றியில் கன்றுக்கு என் பெயரையே வைத்துவிட்டார். (தடுத்துப் பார்த்தேன். “டாக்டரால வந்த கன்னுதான தங்கச்சி” என்றார்.)

போன வருடம் எனக்குக் கல்யாணமாகி நிலக்கோட்டைக்கு வந்தேன். இரண்டாவது மாதம் ஒருநாள் போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பெருமாள் அண்ணன் கூப்பிட்டிருக்கிறார். மாமியார் எடுத்திருக்கிறார்.

“யாரு, மாமியாராம்மா? ஒண்ணுமில்ல, நம்ம செலினுக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. இது மொத தடவைல்ல, எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. டாக்டரு ஒருக்கா பாத்துட்டா தேவல.”

சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது வாசலில் பாதித் தெரு நின்றது. மாமியார் என் வாயில் சர்க்கரையைப் போட்டு, நெற்றியில் சிலுவை வரைந்து, கண் கலங்க அணைத்துக்கொண்டார். என் கணவர் மாங்காய் வாங்கப் போயிருந்தார்.

இப்போதெல்லாம் என் போனை மாமியார் எடுத்தால், ஹலோ சொல்வதில்லை. “எந்தச் செலினு, மாடா, மருமகளா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்.