குதிரைகள் புல்லை மிதிக்கக் கூடாது

இன்று உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தப் போகும் பிராணி, புதிதாகக் குதிரை விடுதி திறந்தவர். எங்கள் ஹியர்ஃபோர்ட் பக்கம் தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். குதிரை மேல் ஆசை உண்டு, கட்டி வைக்க வீட்டில் இடமில்லை என்கிறவர்கள் இவரிடம் குதிரையைக் கொண்டுவந்து விட்டு, லாயத்துக்கும் புல்லுக்கும் வாடகை கொடுத்து, காலையும் மாலையும் வந்து கவனித்துவிட்டுப் போவார்கள். இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்கள் நன்றாகப் பிழைக்கிறார்கள். நான் சொல்லப்போவது மற்றவர்களைப் பற்றி. அந்த மற்றவர்களில் முதல் ஆள் யார் என்று கேட்கிறீர்களா? பொறுங்கள், கொஞ்சம் மானத்தோடு ஆரம்பிக்க விடுங்கள்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஒரு குதிரைகூட வருவதற்கு முன்பே துடைப்பத்துக்கு ஓர் ஆணி, மண்வாரிக்கு ஓர் ஆணி, வாளிக்கு ஓர் ஆணி என்று சுவர் முழுக்க அடித்து, எந்த ஆணி எதற்கு என்று அழகாக எழுதியும் வைத்து, லாயக் கதவுகளுக்குப் பச்சை வர்ணம் பூசி, காய்ந்ததும் திருப்தி இல்லாமல் மறுபடி பூசி, முற்றத்துக் கல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, ஆள் அரவம் இல்லாத வேளையாகப் பார்த்து எல்லாவற்றையும் படம் எடுத்து இணையத்தில் போட்டு, அதன் கீழே 'இங்கே நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று எழுதுவார். அப்போது அந்தக் குடும்பத்தில் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான் இருப்பார்கள். அதிலும் மனைவி பேசிக்கொண்டிருக்க மாட்டார்.

விளம்பரத்தின் கடைசி வரி எல்லா விடுதிக்காரர்களுக்கும் ஒன்றுதான்: 'ஆண்டு முழுவதும் மேய்ச்சல் உண்டு.' எழுதும்போது அது உண்மைதான். ஏனென்றால் எழுதுவது கோடையில். நவம்பர் மழை இறங்கி, குளம்பு பட்ட இடமெல்லாம் சேறாகத் தொடங்கியதும், மேய்ச்சல் வாசலின் குறுக்கே ஒரு கயிறு வந்து விழும். விழுந்தால் வசந்தம் வரை எழாது. குதிரைகள் உள்ளே நின்று கதவைக் கடிக்கும். குதிரைக்காரர்கள் விடுதிக்காரரைக் கடிப்பார்கள். பிறகு கயிறு இல்லாத விடுதி தேடிக் கூட்டமாகக் கிளம்புவார்கள்.

சரி, மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த வரியை நானும் எழுதினேன். என் பெயர் நோயல் பிரீஸ். நிலம் என்னுடையது அல்ல. என் மனைவி கெய்னருக்கும் அவள் அண்ணன் ட்ரெவருக்கும் பொதுவானது. அதைச் சுற்றுலா வருகிறவர்கள் தங்கள் கேரவன்களை, அதாவது சக்கரம் வைத்த வீடுகளை, நிறுத்த விட்டுவிடலாம் என்பது ட்ரெவரின் யோசனை. கெய்னர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். அவள் பிறந்து, நடை பழகிய வயல் அது. கடைசியில் ஒரு சமரசம்: அடுத்த வசந்தத்துக்குள் லாயம் நிரம்பினால் குதிரை, நிரம்பாவிட்டால் கேரவன்.

கோடையில் ஒரு நாள் எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தோம். வந்தார்கள். கேக் முழுவதையும் சாப்பிட்டார்கள். அவர்களில் மொய்ரா குவில்லியம் முக்கியமானவர். ஆற்றங்கரை விடுதியில் குதிரை வைத்திருந்த ஐந்து பெண்களுக்கு அவர்தான் தலைவி. அவர் எங்கே போனாலும் மற்ற நால்வரும் பின்னால் போவார்கள்.

"ரப்பர் விரிப்பு பார்த்தீங்களா? எல்லா லாயத்துலயும் போட்டிருக்கேன்" என்றேன்.

"குளிர்காலத்துல வெளிய விடுவீங்களா?"

"கண்டிப்பா."

"வேற யாரோட குதிரை இங்க இருக்கு?"

"நீங்கதான் மொதல்ல" என்றேன், பெரிய கௌரவத்தைக் கொடுப்பவன் போல.

"தனியா நின்னா என் பிஸ்கட் கத்திக் கத்தியே வேலிய உடைச்சிடுவான். மொதல்ல ஒரு துணையப் பிடிங்க, அப்புறம் பேசலாம்."

எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். இரண்டாவதாக வர ஊரே தயாராக இருந்தது. முதலாவதாக வரத்தான் ஆளில்லை. குதிரையே இல்லாமல் குதிரை விடுதி திறந்த மேதை நான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெய்னர் தன் சித்தி மகளிடமிருந்து ஒரு கிழ மட்டக்குதிரையை இரவல் வாங்கி வந்தாள். பெயர் அட்மிரல். இடுப்பு உயரம், மூக்கு நுனியில் கோபம்.

அக்டோபர் கடைசியில் மொய்ரா பிஸ்கட்டோடு வந்து இறங்கினார். "ஒரு மாசம் பார்க்கறேன். சரியா வந்தா மத்தவங்களையும் கூட்டிட்டு வரேன்" என்றார். கெய்னர் என் கையை இறுக்கிப் பிடித்தாள். லாயம் நிரம்ப அந்த ஐந்து குதிரைகள் போதும்.

பிஸ்கட் என்ற பெயரை நம்பாதீர்கள். அது ஒரு நடமாடும் பீரோ. வயலில் அவிழ்த்து விட்டதும், நான் விதை தூவி, உருளை ஓட்டி, பறவை விரட்டி வளர்த்த புல்லில் இருப்பதிலேயே பசுமையான இடத்தைத் தேடி, அங்கே மல்லாந்து படுத்துப் புரண்டது. எனக்கு நெஞ்சு வலித்தது. அன்று மாலையே வயலுக்குப் போய்க் குழிகளைக் குதிகாலால் அழுத்திச் சமன் செய்தேன்.

கெய்னர் சமையலறை ஜன்னலைத் திறந்தாள். "அங்க என்ன பண்ற?"

"குழிய மூடறேன்."

"அதுக்குப் பேரு குளம்படி, நோயல். குதிரை இருக்கற எடத்துல இருக்கும்."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். நான் பலகை எழுதினேன். 'ஓரமாகச் செல்லவும்.' 'திரும்பும்போது மெதுவாகத் திரும்பவும்.' மொய்ரா இரண்டையும் நிதானமாகப் படித்தார்.

"இது எனக்கா, குதிரைக்கா?"

"பொதுவா எழுதினேங்க."

"அவனுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு ஓரமா போற பழக்கம் கிடையாது."

பிறகு மழை வந்தது. நாள் கணக்கில் விடாமல் கொட்டியது. வாசலருகே புல் கறுத்து, பிளந்து, சொதசொதவென்று ஆனதை நான் குடையோடு நின்று பார்த்தேன். வாடகை நினைவுக்கு வந்ததா? கேரவன் நினைவுக்கு வந்ததா? கெய்னர் என் கையைப் பிடித்ததாவது நினைவுக்கு வந்ததா? என் கண்ணுக்குப் புல் மட்டும்தான் தெரிந்தது. போய்க் கயிற்றை எடுத்து வந்து கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை மொய்ரா அதன் முன்னால் நின்றார்.

"என்ன இது?"

"கயிறு."

"கயிறுன்னு தெரியுது. எதுக்கு?"

"நிலத்துக்குக் கொஞ்சம் ஓய்வு. மார்ச்ல அவுத்துடுவேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "ஆத்தங்கரையில இதே கயித்தப் பார்த்துட்டுத்தான் இங்க வந்தேன். அந்த ஆளாவது பல வருஷம் கழிச்சுத்தான் கட்டினான். நீங்க ஒரு மாசம்கூடத் தாங்கலியே" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட்டை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அட்மிரல் கயிற்றின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் கத்தியது.

அந்த வாரக் கடைசியில் ட்ரெவர் வந்தார். பளபளக்கும் அலுவலக ஷூவோடு கயிற்றைத் தாண்டி வயலுக்குள் போய், நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். வாசலருகே கொஞ்சம் கறுப்பு, மற்றபடி வயல் முழுக்க மழையில் குளித்த பச்சை.

"அடேயப்பா, கம்பளம் மாதிரி வெச்சிருக்கியே. கேரவன் நிறுத்த இதவிட நல்ல தரை இந்தப் பக்கத்துலயே கிடையாது, நோயல்" என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது.

கெய்னர் என்னைப் பார்த்தாள். "குதிரைக் குளம்பு பட்டா உனக்குப் பொறுக்கல. இனிமே சக்கரம் ஏறும். அதுக்கும் பலகை எழுதி வை." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ட்ரெவரின் கார் கிளம்பியதும் நான் கயிற்றை அவிழ்த்தேன். ஈரத்தில் முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் இழுக்க வேண்டியிருந்தது. அட்மிரலை வயலுக்குள் விட்டேன். அந்தக் கிழம் துள்ளி ஓடி, விழுந்து, புரண்டு, எழுந்து, எஞ்சியிருந்த நல்ல புல்லையெல்லாம் பார்த்துப் பார்த்து உழுதது. வயல் நாசமானதும், கணுக்கால் வரை புதைந்த என் பூட்ஸையும் சேற்றையும் சேர்த்து ஒரு படம் எடுத்து மொய்ராவுக்கு அனுப்பினேன். என் விடுதியைப் பற்றி நான் வெளியிட்ட முதல் உண்மையான விளம்பரம் அதுதான்.

பதில் வந்தது: "இப்பத்தான் குதிரை இருக்கற எடம் மாதிரி இருக்கு. அஞ்சு பேரும் வரோம். கயிறு தெரிஞ்சா அப்படியே திரும்பிடுவோம்."

வந்துவிட்டார்கள். லாயம் நிரம்பிவிட்டது, கேரவன் பேச்சு அடங்கிவிட்டது, வாசலில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு, கெய்னர் பாட்டு முணுமுணுக்கிறாள். எனக்குக் குணமாகிவிட்டதா என்று கேட்கிறீர்களா? நேற்றுதான் சேணம் மாட்டும் அறைக்கு வெள்ளையடித்தேன். 'சுவரில் சாயாதீர்கள்' என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. கெய்னர் தூரிகையை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். உங்களிடம் குதிரையும் இல்லை, வயலும் இல்லை என்ற தைரியம். கூடத்தில் இருக்கும் அந்தப் புதுச் சோபாவின் பிளாஸ்டிக் உறையை என்றைக்குப் பிரிப்பதாக உத்தேசம்? அதுவும் போகட்டும். வீட்டுக்கு யாராவது வந்தால் "வாங்க, வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறீர்களே, அப்போது உங்கள் கண் எங்கே இருக்கிறது என்று அடுத்த முறை கவனியுங்கள். வந்தவர் முகத்திலா, அவர் காலிலா?