காது மட்டும் தெளிந்த படம்

பூனையின் மீசை தெளிவாக விழுந்திருந்தது. பூனையைத்தான் காணவில்லை.

குற்றாலலிங்கம் காமிராவின் பின்பக்கத் திரையை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் பூனை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கிக் கிடந்தது.

"செத்த நேரம் அனங்காம இருந்தா என்ன?" என்று பூனையைக் கேட்டான். அது எழுந்து போய்விட்டது.

லென்ஸ் கிழக்கேகோட்டையில் பழைய காமிரா சாமான் விற்கும் ராகேஷ் கடையிலிருந்து வந்தது. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. "சேட்டா, இதுல ஜூம் இல்ல. ஆளைப் பெருசாக் காணணும்னா நீங்கதான் நடந்து கிட்டப் போகணும். ஆனா இருட்டுன்னா இவனுக்கு சத்யை, பெரிய விருந்து. ஒரு மெழுகுதிரி மதி, அதுவே போதும்" என்று ராகேஷ் சொல்லியிருந்தான். "ஒரே ஒரு குழப்பம். முழுசாத் திறந்துவெச்சு எடுத்தா கண்ணு தெளிஞ்சா மூக்கு தெளியாது. பாத்து எடுக்கணும்."

லிங்கத்துக்கு வேலை சாலைக் கடைத்தெரு பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீசில். வெளிச்சம் இருக்கிற பொழுதெல்லாம் அடுத்தவர் கணக்குக்குப் போய்விடும். அவன் வலியசாலைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மிச்சம் இருப்பது அந்திதான். ஐப்பசி மழைக்காலம் வேறு. இருட்டில் எடுக்கிற லென்ஸை விட்டால் அவனுக்குக் கதியில்லை.

"கேட்டேளா" என்று வாசலில் குரல் கேட்டது.

எதிர்வீட்டுப் பகவதி. கூட்டுறவு வங்கியில் கவுண்டரில் இருப்பவள். தெருவில் உள்ள பெண்கள் எல்லாரும் அவனை லிங்கண்ணன் என்பார்கள். இவள் மட்டும் 'கேட்டேளா' என்றுதான் ஆரம்பிப்பாள். ஓர் அண்ணன் என்று கூப்பிடக்கூட மனசில்லாத அளவுக்குத் தன்மேல் என்ன வெறுப்போ என்று அவன் வருஷக்கணக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். இப்படியும் ஒரு மண்டு இருப்பானா என்று கேட்காதீர்கள். இருந்தான். ஆடிட்டர் ஆபீசில் கெட்டிக்காரன் என்று பேர் வேறு.

அவளிடம் மனதைச் சொல்லிவிடுவது என்று அவன் பலமுறை முடிவு செய்திருக்கிறான். ஒருமுறை ஓணம் குறுக்கே வந்தது. ஒருமுறை நவராத்திரி. ஒருமுறை வாசல்வரை போய், "வீட்டுல தண்ணி வருதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினான்.

"என்ன பகவதி?"

"தரகர் சுடலைக்கண்ணு எனக்க போட்டோ ஒண்ணு கேக்காவ. மாப்பிள்ளை பாக்கதுக்கு. அம்மை உங்கட்டச் சொல்லச் சொன்னா."

லிங்கத்துக்கு உள்ளே ஏதோ அறுந்து விழுந்தது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில், "அதுக்கென்ன, எடுத்துரலாம்" என்றது.

"உங்களுக்கும் லென்ஸ டெஸ்ட் பண்ணினாப்போல ஆச்சுல்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அந்தியில் எதிர்வீட்டு முன்னறையில் படம் எடுத்தார்கள். மழை மூடிக்கொண்டு நின்றது. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம், அவ்வளவுதான். பகவதி நாற்காலியில் உட்கார்ந்தாள். லிங்கம் கதவோரமாக நின்றான். சின்னதாகத் தெரிந்தாள். ஜூமைத் திருகப் போனான். திருக ஒன்றும் இல்லை. "இதுல ஜூம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஓர் அடி வைத்தான். இன்னும் ஓர் அடி. அவள் முகத்தை இத்தனை நாளில் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"மழை வருதா?" என்று அவள் ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அப்போது விரல் தானாக அழுத்தியது.

திரையில் பார்த்தான். இரண்டு கண்ணும் தெளிவு. கொடியில் கிடந்த துணி, காலண்டர், தையல் மிஷின் எல்லாம் கரைந்துபோய் அவள் மட்டும் இருந்தாள். எதையோ கேட்கப் போகிறவள் போல இருந்தாள். அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அது. சந்தோஷப்பட வேண்டியவன் குலைநடுங்கிப் போனான். இதைப் பார்த்துவிட்டு எந்தப் பயல் வேண்டாம் என்று சொல்வான்?

"காட்டுங்க, பாக்கட்டு."

"இல்ல... செரியா வரல்ல" என்று காமிராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நாலைந்து எடுத்தான். அதில் ஒன்றில் அவள் தலையைத் திருப்பியதால் இடது காது மட்டும் தெளிவாக விழுந்து, முகம் முழுக்கக் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து அதை வாட்ஸாப்பில் அனுப்பினான். இத்தோடு மாப்பிள்ளை வீட்டார் ஓடிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தால், அவள் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டேளா, மாப்பிள்ளை வீட்டுல படத்தப் பாத்தாச்சு."

"என்ன சொன்னாவ?"

"காது நல்ல லட்சணமா இருக்காம்."

லிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டான். "காதா?"

"ஆமா. காதே இப்பிடின்னா முகம் எப்பிடி இருக்கும்னு மாப்பிள்ளைக்கு ஒறக்கம் வரல்லயாம். பெங்களூர்ல வேலையாக்கும். இன்னொரு படம் வேணுமாம்."

காதைப் பார்த்து மயங்குகிற ஜாதியும் உலகத்தில் உண்டா என்று லிங்கத்துக்கு எரிச்சலாக வந்தது. இனி அரைகுறை வேலை உதவாது, ஒரேயடியாக இருட்டில் தள்ளிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தான்.

"இந்த லென்ஸுக்கு அடுக்களைதான் செரி. லைட்டையும் அணைக்கணும்" என்றான்.

"லைட்ட அணைச்சா நான் எப்பிடி மக்கா தோச சுடுவேன்?" என்றாள் பகவதியின் அம்மை.

"கொழப்பமில்லம்மா, அஞ்சு நிமிஷந்தான்" என்று பகவதியே போய் விளக்கை அணைத்தாள்.

அடுக்களையில் அடுப்பின் நீலச் சுடரைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. லிங்கம் நிம்மதியோடு ஒன்றை எடுத்துப் பார்த்தான். பாழாய்ப்போன லென்ஸ் அந்த நீலத்தையும் நக்கி எடுத்துக்கொண்டுவந்து அவள் கன்னத்தில் பூசியிருந்தது. முதல் படத்துக்கு இது தங்கச்சி. அவன் அவசரமாகக் குறியை அவளிடமிருந்து விலக்கி, பின்னால் இருந்த கிரைண்டரில் வைத்து இன்னொன்று எடுத்தான்.

"என்னவோ கரியுதே" என்றாள் அம்மை. தோசை போயிற்று.

அன்று பகவதியின் போனுக்குப் போனது கிரைண்டரின் படம். கிரைண்டர் பளிச்சென்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பெண் நிற்கிறாள் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

மறுநாளும் வாசலில் நின்றாள்.

"கேட்டேளா, அவியளுக்கு ரெம்பப் பிடிச்சிட்டு."

"எது, கிரைண்டரா?"

"கிரைண்டரும் பிடிச்சிருக்கு. ஆளு தெரியாட்டாலும் அடுக்களையில ஒரு ஐசுவரியம் தெரியுகாம். மஸ்கட்ல உள்ள மாப்பிள்ளைக்கு இப்பிடி அடக்கமான பொண்ணுதான் வேணுமாம்."

"பெங்களூர்னுல்லா சொன்னே?"

பகவதி ஒரு நொடி அவனைப் பார்த்தாள். "மாறிட்டாவ" என்றாள்.

அடுத்தவர் வரவு செலவில் ஒரு சின்ன இடறல் இருந்தாலும் மோப்பம் பிடிக்கிறவன் இதை நம்பினான். நேற்றுப் பெங்களூர், இன்றைக்கு மஸ்கட், என்ன சாமர்த்தியசாலியாக இருக்க வேண்டும் என்று மனசொடிந்துபோனான். தானோ அதே ஆபீசில், அதே மேஜையில், காற்றாடிக்கு நேர்க் கீழே உட்கார்ந்திருக்கிறவன்.

"இன்னும் ஒரே ஒரு படம் மதியாம்" என்றாள் அவள். "அதப் பாத்துட்டு முடிவு சொல்லிருவாவ. கோயில் முக்குல விளக்கு வைக்கதுக்கு நான் சனிக்கிழம போவேன். அங்க வெச்சு எடுங்க."

சனிக்கிழமை அந்தியில் கோயில் முக்கில் நின்றார்கள். இந்த முறை எடுக்கும்போது கையை ஆட்டிவிடுவது என்று லிங்கம் தயாராக வந்திருந்தான். அகல் விளக்கில் எண்ணெய் விட்டு அவள் திரியை ஏற்றியதும் கரண்ட் போயிற்று. பின்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. விளக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு பூக்கடைக் கூரைக்குக் கீழே ஒதுங்கினாள். அவள் முகத்தில் மட்டும் வெளிச்சம் இருந்தது.

லிங்கம் மழையில் நின்று காமிராவைத் தூக்கினான்.

"நனையேளே. இன்னும் கிட்ட வரலாம்லா?"

"இதுல ஜூம் இல்ல" என்றான், சம்பந்தமே இல்லாமல்.

"தெரியும். அன்னைக்கே சொன்னேள். கிட்ட வாங்க."

கூரைக்குக் கீழே வந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சின்ன விளக்குதான் இருந்தது. தெருவில் வேறு யாரும் இல்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் காமிராவுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

"கேட்டேளா" என்றாள் பகவதி. குரல் வேறு மாதிரி இருந்தது. "இந்த லென்ஸுல என்னைய ஒருக்காவது தெளிவாக் காணுமா, காணாதா?"

அவன் பொத்தானை அழுத்தினான். கை நடுங்கியது. நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் படம் கெட்டது. ஒரு வெளிச்சக் கோடு, அவ்வளவுதான். அவள் எட்டிப் பார்த்தாள். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மழையோடு நடந்து போனாள். விளக்கை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து தலையைக்கூடத் துவட்டாமல் லிங்கம் அந்த முதல் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மழை வருதா என்று கேட்டுத் திரும்பிய முகம். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு பெண் நல்லதாக ஒரு படம் கேட்டாள். காதைக் கொடுத்தான், கிரைண்டரைக் கொடுத்தான், கடைசியில் ஒரு கோட்டைக் கொடுத்தான். அவளுக்கு வாய்த்த வாழ்க்கையைக் கெடுக்க இவன் யார்? கேட்கத் தைரியம் இல்லாதவன் தடுக்கவாவது கூடாது.

அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. எதிர்வீடுதான். இனி எத்தனை நாளைக்கு எதிர்வீடு என்று நினைத்ததும் அழுகை வந்தது, அழுதான்.

பிறகு படத்தை அனுப்பினான். கீழே, 'இத அவியளுக்கு அனுப்பு. நல்லா இரு' என்று எழுதினான். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லென்ஸைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். இனி அவனுக்கு எந்த இருட்டிலும் எடுக்க ஆள் இல்லை. கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது, சாயாக்கடை முன்னால் குடையும் கைப்பையுமாக நின்றிருந்த தரகர் சுடலைக்கண்ணு கையைக் காட்டினார்.

"என்னவே லிங்கம், மூஞ்சி என்ன இப்பிடித் தொங்குகு? சாயா குடிக்கேரா?"

"வேண்டாம் அண்ணாச்சி." போய்விடலாம் என்று நினைத்தான். கால் நகரவில்லை. பட்ட வலி போதாது, இன்னும் கொஞ்சம் படலாம் என்று சில நேரம் தோன்றும். "எதிர்வீட்டு பகவதிக்கு மஸ்கட் மாப்பிள்ளை வீடு முடிவாயிட்டா?"

சுடலைக்கண்ணு சாயாக் கிளாசை வாயிலிருந்து எடுத்தார்.

"எந்த மாப்பிள்ளை வீடு? அந்தப் பிள்ளைக்க போட்டோ ஒண்ணுக்கு நான் ஓணத்துல இருந்து நடக்கேன், 'படம் எடுக்கவியளுக்கு இன்னும் தெளியல்ல, தெளிஞ்சா அவியளே வந்து சொல்லுவாவ'ன்னு சொல்லியே விரட்டுகா. ஆமா, உங்க தெருவுல அது யாருவே, அப்பிடி ஒரு போட்டோ எடுக்கத் தெரியாத ஆளு?"