மோட்டார்ஹோமுக்கு ராஸ்கோ சொன்ன வைத்தியம்

"இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டா விக்கப் போறே?" என்றார் பக்கத்து வண்டிக்காரர் ராஸ்கோ.

ஆல்டன் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சவரம் செய்து வெகுநாள் ஆகியிருந்தது.

"உன் மூஞ்சியை யாருய்யா கேட்டா? வண்டி மூஞ்சியைச் சொல்றேன்."

வீடும் வண்டியுமாகப் பஸ் நீளத்துக்கு நின்ற அந்த மோட்டார்ஹோமின் முன்புறத்தில், கல்லும் பூச்சியும் அடித்து பெயிண்ட் கெடாமலிருக்க ஒட்டிய பிலிம் ஒன்று இருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்த அது அரிசோனா வெயிலில் பழுத்து மஞ்சளாகி, வறண்ட ஏரி மாதிரி வெடித்துக் கிடந்தது. அதற்குக் கீழேதான் ஆல்டன் அன்று காலை 'விற்பனைக்கு' என்று அட்டை மாட்டியிருந்தார்.

கோடை முடிவில் இந்த முகாமுக்கு வந்து சேர்ந்ததும் அவர் மனைவி நோரீன் இறந்துபோனாள். அதற்குப் பிறகு வண்டி ஓர் அடி நகரவில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது அவள் வேலை. பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வாள். அந்த இருக்கையைப் பார்க்க முடியாமல் ஆல்டன் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டார். திரையை இழுத்துவிட்டு, டின் சூப்பைச் சூடுகூடப் பண்ணாமல் குடித்துக்கொண்டு உள்ளேயே கிடந்தார்.

"வித்துட்டு எங்கே போவே?"

"மினசோட்டாவுல பையன் வீட்டுக்கு. கீழ்த்தளத்துல ஒரு ரூம் ஒழிச்சுத் தர்றானாம்."

"ஜன்னல் இருக்கா?"

"சின்னதா ஒண்ணு இருக்குதாம்."

ராஸ்கோ கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிலிமைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, நான் சொல்ற மாதிரி செய். ஆனா அவசரப்படக் கூடாது."

இவருக்கு என்ன தெரியும் என்று ஆல்டன் கேட்கவில்லை. குளிர்காலத்துக்கு ஓய்வு பெற்றவர்கள் வண்டியோடு வந்து தங்கும் அந்த முகாமில் யாரும் யாரையும் முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பதில்லை. ஓய்வு பெற்ற நீதிபதியும் ஓய்வு பெற்ற லாரி டிரைவரும் ஒரே மாதிரிக் குழாயைப் பிடித்துக்கொண்டு கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடத்தில் அப்படிக் கேட்பது மரியாதையும் இல்லை.

ராஸ்கோ சொன்ன முதல் வைத்தியம், வெயில் ஏறுவதற்கு முன் குளிரில் உரிக்க வேண்டும் என்பது. பாலைவனத்துக் காலைக் குளிரில் பிலிம் அப்பளமாக நொறுங்கி நகத்தளவு சில்லுகளாக வந்தது. கீழே பசை அப்படியே நின்றது.

அங்கே ஒருவர் தன் வண்டியில் கை வைத்தால் மற்றவர்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். யோசனை சொல்வார்களே தவிர ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். பத்து மணிக்கு ராஸ்கோவின் மனைவி வில்மா சோள ரொட்டியும் பீன்ஸும் கொண்டுவந்து ஆல்டன் கையில் திணித்தாள்.

"எனக்குப் பசியில்லை, வில்மா."

"நான் கேட்டேனா? தட்டு எனக்குத் திரும்ப வேணும், சீக்கிரம் சாப்பிடு."

பசைக்கு இரண்டாவது வைத்தியம் பீனட் பட்டர் என்கிற வேர்க்கடலை விழுது. வண்டியின் முன்புறம் முழுக்கப் பூசிவிட்டு மதியம் தூங்கி எழுந்து பார்த்தால், முகாமிலுள்ள எறும்பெல்லாம் அங்கே குடியேறியிருந்தது. இரண்டு நாய்கள் பின்னங்காலில் நின்றுகொண்டு பம்பரை நக்கிக்கொண்டிருந்தன.

"நீ கடலைத்துண்டோட மொறுமொறுன்னு இருக்கிறதைப் பூசிட்டே. மழமழன்னு இருக்கிறதைத்தான் நான் சொன்னேன்," என்றார் ராஸ்கோ.

"அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

ஆத்திரத்தில் ஆல்டன் சவர பிளேடை எடுத்துக்கொண்டு வந்து பசையைச் சுரண்டப் போனார். ராஸ்கோ நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் எழுந்தது அந்த ஒரு முறைதான். பிளேடைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன வேணா பண்ணு. பிளேடு மட்டும் படவே கூடாது."

மூன்றாவது வைத்தியம், ஈரச் செய்தித்தாளை ஒட்டி ஊறவிடுவது. அது ஊறவில்லை, காய்ந்து இறுகிவிட்டது. வண்டியை வாங்க டூசானிலிருந்து வந்த இளம் தம்பதி, முன்புறம் முழுக்க ஒட்டியிருந்த கோழித் தொடை தள்ளுபடி விளம்பரத்தைப் படித்துவிட்டு, பிறகு போன் பண்ணுவதாகச் சொல்லிப் போனார்கள். போன் வரவேயில்லை.

அன்று சாயங்காலம் ஆல்டன் வெடித்துவிட்டார். "உன் பேச்சைக் கேட்டு நான் உருப்படாமப் போனேன்யா. இதை நான் எப்ப வித்து எப்ப ஊர் போய்ச் சேர்றது?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார் ராஸ்கோ, சீட்டைக் கலைத்தபடியே. "உட்காரு. உன் கைதான்."

ஆல்டன் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், தினமும் இந்நேரம் தான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. ஒருநாள் வில்மா ஏதோ சொல்ல வாய்விட்டுச் சிரித்துவிட்டு, நோரீனுக்குத் துரோகம் செய்த மாதிரி இருக்க, எழுந்து போயிருந்தார். அன்றைக்கு யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. மறுநாளும் நாற்காலி மட்டும் போட்டிருந்தது.

வெயில் உறைக்கத் தொடங்கியதும் முகாம் காலியானது. ராஸ்கோவும் வில்மாவும் வடக்கே மலைப்பக்கம் கிளம்பினார்கள்.

"டவுன்ல எஸ்டெபான்னு ஒருத்தன் பிலிம் கடை வச்சிருக்கான். வேணும்னா அவன்கிட்டப் போ," என்றார் ராஸ்கோ, வண்டி ஜன்னலிலிருந்து.

"இதை அப்பவே சொல்றதுக்கென்ன கேடு உனக்கு?"

ராஸ்கோ கையசைத்தார். ஆல்டன் பதிலுக்குக் கையசைக்கவில்லை.

மறுநாள் காலை நோரீன் போன பிறகு முதல் முறையாக இன்ஜினைக் கிளப்பினார். பக்கத்து இருக்கையின் போர்வை நழுவி விழுந்தது. டவுனுக்குத் திரும்பும் இடத்தில் யாரும் "திரும்புங்க, திரும்புங்க" என்று கத்தாததால் நேரே போய்விட்டார். அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலை வைத்து, அழுது முடிக்கிற வரை அழுதார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

எஸ்டெபான் வண்டியைச் சுற்றி வந்தான். பசை, எறும்பு, கோழித் தொடை எல்லாவற்றையும் பார்த்தான். ஈரத் துணியால் ஓரிடத்தைத் துடைத்து, டார்ச் அடித்து, மூக்கு உரசக் குனிந்து பார்த்தான்.

"ஆச்சரியமா இருக்கு சார். மேல இவ்வளவு கூத்து நடந்திருக்கு. அடியில பெயிண்ட்ல ஒரு கீறல் கிடையாது. யார் யோசனை இது?"

"பக்கத்து வண்டிக்காரன் ஒரு மடையன். ராஸ்கோன்னு பேரு. குளிர்காலம் பூரா என் உயிரை வாங்கிட்டான்."

எஸ்டெபான் டார்ச்சை அணைத்தான். "கண்ணாடியைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டிருப்பாரே, அவரா?"

"அவனேதான். உனக்குத் தெரியுமா?"

"எனக்கு இந்தத் தொழிலைக் கத்துக்கொடுத்ததே அவர்தான் சார். இவ்வளவு பெரிய வண்டியை மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள உரிச்சு முடிச்சுடுவார்."