பாட்டிலில் இருப்பது தண்ணீர் அல்ல

இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் பல் டாக்டரின் சைக்கிளில் பச்சை விளக்கு சிவப்பானது. கைப்பிடிக்கு அடியில் மிளகளவு விளக்கு. அது எதற்கென்று டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

கடற்கரைச் சாலை நேராகக் கிடந்தது. கலங்கரை விளக்கத்துக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர், அதுவும் எதிர்க்காற்றில். பின்சக்கரத்துக்குள் ஒளித்து வைத்திருந்த மோட்டார் முனகத் தொடங்கியது. அதன் பேட்டரி, பார்த்தால் தண்ணீர் பாட்டில் என்று நினைக்கும்படி சைக்கிள் கம்பியில் செருகப்பட்டிருந்தது.

பின்னால் பெரிய பையோடு வந்துகொண்டிருந்தவர் கண்ணாடிக் கடைக்காரர். பள்ளிக்கூட நாள் முதல் நண்பர். டாக்டரின் கிளினிக்குக்கு எதிரில்தான் கடை. நான்கு மாதமாக டாக்டர் அவருக்குத் தினமும் விடியற்காலையில் செய்தி அனுப்பிவந்தார். 'இன்று பதினைந்து கிலோமீட்டர். வியர்வையே மருந்து.' அனுப்பிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அதைப் படித்துப் படித்து நண்பர் ஒரு சைக்கிளே வாங்கிவிட்டார். "உன்னைப் பாத்துதான்டா நான் திருந்தினேன்" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. அந்த நெகிழ்ச்சியில்தான் இந்த இரண்டு நாள் பயணத்துக்கு டாக்டர் தலையாட்டிவிட்டார்.

வீட்டில் மனைவியும் மகளும் அவரை ஒரு பொருட்டாக மதித்து வருஷக்கணக்காகிறது. மதிக்கிற ஒரே ஜீவன் பின்னால் மிதித்துக்கொண்டு வந்தது. அதையும் இழக்க டாக்டருக்குத் தெம்பில்லை.

பேட்டரியை மிச்சம் பிடிக்க மோட்டாரை அணைத்தார். சைக்கிள் உடனே பீரோவாகக் கனத்தது. இருநூறு மீட்டரில் கண் இருட்டியது.

"டேய், நில்லு. கடலைப் பாரு. என்ன அழகு" என்று இறங்கி, சாலையோரச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உக்காராதடா. நீதானே போன மாசம் எழுதியிருந்த, நடுவுல உக்காந்தா உடம்பு ஆறிடும், மறுபடி ஏறவே தோணாதுன்னு?"

எழுதியிருந்தார். எழுதும்போது போர்வைக்குள் இருந்தார்.

எழுந்து மிதித்தார். நாக்கு வெளியே வந்தது. நண்பர் பக்கத்தில் வந்து, "என் தண்ணி தீந்துடுச்சு. உன் பாட்டிலைக் குடு" என்றார்.

"அது தண்ணி இல்லடா."

நான்கு மாதத்தில் டாக்டர் அவரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பின்ன என்ன?"

"முட்டி வலிக்கு மருந்து."

"எனக்கும்தான் முட்டி கழண்டு போகுது. ஒரு வாய் குடு."

"வெறும் வயித்துல குடிச்சா மயக்கம் வரும்."

"அப்ப சாப்பிட்டுட்டுக் குடிக்கலாம். அந்த மேட்டு மேல ஒரு கடை தெரியுது பாரு. நான் முன்னாடி போய் ஆம்லெட் சொல்லி வைக்கிறேன். நீ மருந்தோட மெதுவா வா."

நண்பர் இருக்கையிலிருந்து எழும்பக்கூட இல்லாமல் சர்ரென்று மேடேறிப் போய்விட்டார். டாக்டருக்கு வயிறு எரிந்தது. நம்மைப் பார்த்துத் திருந்தியவன் இவ்வளவு திருந்தியிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, இறங்கிச் சைக்கிளைத் தள்ளினார்.

மேலே போய்ச் சேர இருபது நிமிடம் ஆயிற்று. நண்பர் முகம் கழுவி, தலை வாரி, வாசல் மேசையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வா வா. சாப்பிட்டதும் அந்த மருந்தை எடு."

"கை கழுவிட்டு வந்துடறேன்."

பேட்டரியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, சார்ஜர் வயரைக் கையில் சுருட்டிக்கொண்டு, டாக்டர் பின்பக்கமாக அடுக்களைக்குள் நுழைந்தார். கடைக்கார அம்மாள் முட்டையை அடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு உதவி. ஒரு மணி நேரம் இதைச் சார்ஜ் போட்டுக்கணும். வெளிய இருக்கறவருக்கு மட்டும் தெரியக் கூடாது. என் மானமே இதுலதான் இருக்கு."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முட்டையைக் கல்லில் ஊற்றினாள்.

"இருக்கறது ஒரே ப்ளக்கு சார். அதுல வெளிய இருக்கற சாரோட பேட்டரி ஏறிட்டிருக்கு. உங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு இப்பதான் கும்பிட்டுக் கேட்டுட்டுப் போனாரு."